டெஃப் விளக்கு அணையவே மாட்டேன் என்கிறதா? வேனில் யூரியா சிஸ்டம் கோளாறை அறிகுறி பார்த்துப் பிடிப்பது

டெஃப் என்பது டீசல் வண்டியின் புகையைச் சுத்தம் செய்யத் தனி டேங்கில் ஊற்றும் யூரியா கரைசல். அதில் கோளாறு என்று டேஷ்போர்டில் "இத்தனை கிலோமீட்டருக்குப் பிறகு இன்ஜின் ஸ்டார்ட் ஆகாது" என்று ஓர் எண் வந்து நின்றவுடன் முக்கால்வாசிப் பேர் செய்வது ஒன்றுதான். ஸ்கேனரை மாட்டுவார்கள், வந்த கோடில் (பழுதுக் குறியீட்டில்) எந்தப் பாகத்தின் பெயர் இருக்கிறதோ அதை வாங்கி மாற்றுவார்கள். நானும் முதல் தடவை அப்படித்தான் கையைச் சுட்டுக்கொண்டேன். புகையைச் சுத்தம் செய்யும் கேடலிஸ்டின் திறன் குறைவு என்று கோடு வந்தது, புகையில் நைட்ரஜன் ஆக்சைடுகளை (நாக்ஸ்) அளக்கும் நாக்ஸ் சென்சாரை மாற்றினேன், விளக்கு அணைந்தது, இரண்டு நாள் நிம்மதி. மூன்றாம் நாள் அதே கோடு. கடைசியில் டெஃப் டேங்கிலிருந்து ஒரு சொட்டு எடுத்து, கரைசலின் செறிவை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டரில் வைத்தால் யூரியா 26 சதவீதம் காட்டுகிறது, 32.5 இருக்க வேண்டிய இடத்தில். விசாரித்தால், ஓட்டியவர் வழியில் யூரியா கிடைக்காமல் இரண்டு லிட்டர் குடிதண்ணீரை ஊற்றியிருக்கிறார். டேங்கில் ஏற்கெனவே எட்டு லிட்டர் இருந்திருந்தால் கணக்கு ஏறக்குறைய 26-தான் வரும். இரண்டு நாள் விளக்கு அணைந்திருந்ததற்கும் புது சென்சாருக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. கோடை அழித்தால் இசியு (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி) மறுபடி முதலிலிருந்து சோதித்து முடிக்கக் கொஞ்சம் ஓட்டம் தேவை, அந்த இடைவெளிதான் அது.

அதனால் இங்கே எழுதியிருப்பது கோடு வரிசையில் இல்லை, வண்டி என்ன செய்கிறது என்ற வரிசையில். கோடு சொல்வது இசியு எதைக் கவனித்தது என்பதை மட்டும்தான். எது கெட்டது என்பதை நாம்தான் தேட வேண்டும்.

சிஸ்டம் என்ன செய்கிறது என்று ஒரு நிமிடம். டேங்கில் இருக்கும் கரைசலை ஒரு பம்ப் அழுத்தத்தோடு தள்ளுகிறது, கேடலிஸ்டுக்கு முன்னால் இருக்கும் இன்ஜெக்டர் அதைச் சூடான புகைக்குள் தெளிக்கிறது, சூட்டில் யூரியா அம்மோனியாவாக மாறுகிறது, எஸ்சிஆர் கேடலிஸ்டுக்குள் அந்த அம்மோனியா நைட்ரஜன் ஆக்சைடுகளோடு சேர்ந்து வெறும் நைட்ரஜனும் நீராவியுமாக வெளியே போகிறது. கேடலிஸ்டுக்கு முன்னால் ஒரு நாக்ஸ் சென்சார், பின்னால் ஒன்று. சில வேன்களில் முன்னால் சென்சார் இருக்காது, இசியுவே கணக்குப் போட்டுக்கொள்ளும். முன்னால் எவ்வளவு, பின்னால் எவ்வளவு என்ற வித்தியாசத்தைத்தான் அது 'திறன்' என்கிறது. புகைச் சூடு ஏறக்குறைய 200 டிகிரி செல்சியஸை நெருங்கும் வரை தெளிப்பே நடக்காது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே பல இடத்தில் உதவும்.

எதையும் கழற்றும் முன்

முதலில் கோடை அழிக்காதீர்கள். கோடோடு சேர்ந்து பதிவாகியிருக்கும் நிலவரம், அதாவது வேகம், இன்ஜின் சூடு, டெஃப் அழுத்தம், டேங்க் அளவு எல்லாவற்றையும் எழுதி வையுங்கள் அல்லது போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். அழித்துவிட்டால் அந்தச் சாட்சி போச்சு.

அடுத்து ஓட்டுபவரிடம் ஒரே கேள்வி: விளக்கு எப்போது வந்தது? நிரப்பிய அன்றே வந்தால் சந்தேகம் கரைசல் மேலும் லெவல் சென்சார் மேலும். கீழ்ப்பக்கம் தண்ணீர் பீய்ச்சிக் கழுவிய பிறகு வந்தால் கனெக்டர் மேல். பல மாதம் ஓடாமல் நின்றுவிட்டு எடுத்ததும் வந்தால் கரைசல் பழசாகியிருக்கும், இன்ஜெக்டர் நுனி அடைத்திருக்கும். தினமும் இரண்டு மூன்று கிலோமீட்டர் ஓடி நிற்கும் வண்டி என்றால் புகைக்குழாய்க்குள் படிவு. இந்த ஒரு கேள்வி பாதி வேலையை முடித்துவிடும்.

பேட்டரியையும் பார்த்துவிடுங்கள். ஸ்டார்ட் செய்யும்போது மின்னழுத்தம் ரொம்ப இறங்கினால் டெஃப் மாட்யூலும் நாக்ஸ் சென்சார்களும் சம்பந்தமில்லாத கோடுகளைக் கொட்டும்.

இன்னொன்று, இக்னிஷனை அணைத்தவுடன் பேட்டரி வயரைக் கழற்றாதீர்கள். அணைத்த பிறகும் பெரும்பாலான வேன்களில் பம்ப் பின்பக்கமாகச் சுழன்று குழாயில் இருப்பதை டேங்குக்கே இழுத்துக்கொள்ளும். வண்டிக்கு அடியில் ஒரு மெல்லிய உறுமல் ஓரிரு நிமிடம் கேட்கும், அது ஓயட்டும். நடுவில் மின்சாரத்தைப் பிடுங்கினால் குழாயிலும் இன்ஜெக்டரிலும் கரைசல் தங்கி உலர்ந்து உப்பாகிவிடும், பிறகு நீங்களே ஒரு புதுக் கோளாறை உண்டாக்கியவர் ஆகிவிடுவீர்கள்.

எந்த அறிகுறியாக இருந்தாலும் முதலில் கரைசல்

டெஃப் என்பது 32.5 சதவீதம் யூரியா, மீதி கனிமம் நீக்கிய தண்ணீர். ஐஎஸ்ஓ 22241 தரம் புதுக் கரைசலுக்குத் தரும் வரம்பு 31.8 முதல் 33.2 வரை. சோதிக்க டெஃப் அளவுகோல் உள்ள ரிஃப்ராக்டோமீட்டர் போதும், கூலன்ட்டும் பேட்டரி ஆசிட்டும் பார்க்கும் கருவிகள் பலவற்றில் அந்த அளவுகோலும் சேர்ந்தே இருக்கும். முதலில் கனிமம் நீக்கிய தண்ணீரை வைத்து பூஜ்ஜியம் சரிபாருங்கள். மாதிரியை டேங்கிலிருந்து எடுக்க வேண்டும், கேனிலிருந்து எடுத்துப் பார்த்து ஏமாந்தவர்கள் நிறைய. எண் குறைவாக வந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது, கூடுதலாக வந்தால் மூடி சரியாக மூடாமல் தண்ணீர் ஆவியாகிப் போயிருக்கிறது.

ஆனால் ரிஃப்ராக்டோமீட்டர் எல்லாவற்றையும் சொல்லாது. கொஞ்சம் டீசல் கலந்திருந்தாலும், கடின நீரின் சுண்ணாம்பு கலந்திருந்தாலும் எண் அழகாக 32.5 காட்டலாம். டீசலுக்கு ஒரு எளிய பரிசோதனை: மாதிரியைச் சுத்தமான கண்ணாடிப் பாட்டிலில் ஊற்றிக் குலுக்கி, வெளிச்சத்துக்கு நேரே பிடித்து ஒரு நிமிடம் காத்திருங்கள். டெஃப் கனமானது, லிட்டருக்கு 1.09 கிலோ. டீசல் மேலே மிதந்து வானவில் நிறத்தில் மெல்லிய படலம் கட்டும். நல்ல கரைசல் தண்ணீர் போலத் தெளிவாக இருக்கும். டெஃப்புக்கு ஆட்புளூ என்றும் பெயர் இருப்பதால் நீலமாக இருக்க வேண்டும் என்று நினைக்காதீர்கள், நீலமாக இருந்தால் யாரோ கண்ணாடி கழுவும் தண்ணீரை ஊற்றியிருக்கலாம். லேசான அம்மோனியா வாடை சாதாரணம். மூக்கைப் பிடிக்கும் அளவுக்கு அடித்தால் வெயிலில் கிடந்து கெட்டது. 25 டிகிரியில் வைத்தால் 18 மாதம் தாங்கும் கரைசல் 35 டிகிரியில் ஆறு மாதம்தான்.

தண்ணீர் கலந்ததோ பழசானதோ என்றால் டேங்கை வடித்து, கனிமம் நீக்கிய தண்ணீரால் அலசி, புதுசு ஊற்றினால் போதும். டீசல் அல்லது எண்ணெய் கலந்தது என்றால் கதை வேறு. டெஃப் சிஸ்டத்தில் இருக்கும் ரப்பர் சீல்கள் பெரும்பாலும் இபிடிஎம் வகை. யூரியாவுக்கு அது அசையாது, ஆனால் எண்ணெய் பட்டால் ஊறி உப்பிவிடும். இன்று அலசி ஊற்றி ஓட்டிவிடலாம், சில வாரத்தில் பம்ப் அழுத்தம் தள்ளாடத் தொடங்கும். எனவே கலந்தது தெரிந்ததும் இக்னிஷனைப் போடாமல் இருப்பதுதான் முக்கியம். பம்ப் ஓடவில்லை என்றால் பெரும்பாலும் டேங்கோடு தப்பிக்கலாம், ஓடிவிட்டால் டேங்க், பம்ப், குழாய், இன்ஜெக்டர் என்று பட்டியல் நீளும். இது நடப்பது பெரும்பாலும் இன்ஜின் ஆயிலுக்கு வைத்திருக்கும் புனலை டெஃப்புக்கும் வைப்பதால்தான். ஒரு தனிப் புனல் வாங்கி வையுங்கள்.

நிரப்பிவிட்டேன், ஆனாலும் 'டெஃப் குறைவு' என்கிறது

பி203எஃப் மாதிரிக் கோடு. எவ்வளவு ஊற்றினீர்கள் என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். ஒன்று இரண்டு லிட்டர் ஊற்றினால் பல வேன்கள் கண்டுகொள்வதே இல்லை, நான்கைந்து லிட்டராவது ஒரே தடவையில் போக வேண்டும். துல்லியமான அளவு உங்கள் வண்டிக் கையேட்டில் இருக்கும். ஊற்றிய பிறகு சமதளத்தில் நிறுத்தி, இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் இக்னிஷனை மட்டும் போட்டு அரை நிமிடம், ஒரு நிமிடம் விடுங்கள், அப்புறம் கொஞ்ச தூரம் ஓட்டுங்கள்.

பல டேங்குகளில் அளவு பார்ப்பது மீயொலி சென்சார். அடியிலிருந்து ஒலியை அனுப்பி மேல்மட்டத்தில் பட்டுத் திரும்பும் நேரத்தை அளக்கிறது. வேகமாக ஊற்றி நுரை கட்டினால், குமிழி சென்சார் முகத்தில் ஒட்டினால், எண் ஏறுக்குமாறாக வரும். ஒரு இரவு நிற்க விட்டால் தானாகச் சரியாகும். அதே சென்சார்தான் சில வண்டிகளில் தரத்தையும் பார்க்கிறது, அதனால் நிரப்பிய உடனே 'தரம் சரியில்லை' என்று பி207எஃப் வந்தால் பதறாமல் இதே ஓர் இரவு கொடுத்துப் பாருங்கள், ரிஃப்ராக்டோமீட்டர் நல்ல எண் காட்டும் பட்சத்தில்.

ஸ்கேனர் லைவ் டேட்டாவில் அளவு பூஜ்ஜியத்திலோ ஒரே எண்ணிலோ உறைந்து நிற்கிறது, வண்டியை அசைத்தாலும் மாறவில்லை என்றால் டேங்கின் கனெக்டரைக் கழற்றிப் பாருங்கள். உள்ளே வெள்ளைப் பொடி இருந்தால் கீழே ஒயரிங் பற்றி எழுதியிருப்பதைப் படியுங்கள். கனெக்டர் சுத்தம், மின்சாரமும் எர்த்தும் வருகிறது, ஆனாலும் எண் அசையவில்லை என்றால் சென்சார் போனது. பெரும்பாலும் பம்ப், ஹீட்டர், சென்சார் எல்லாம் ஒரே மாட்யூலாகத்தான் வரும், தனியாகக் கிடைக்காது.

அழுத்தம் வரவில்லை

பி20இ8. இதில் காதுதான் முதல் கருவி. இன்ஜின் ஓடும்போது டேங்க் பக்கம் காதை வைத்தால் பம்ப் ஓடுவது கேட்க வேண்டும். கேட்கவே இல்லை என்றால் ஃபியூஸ், ரிலே, பம்ப் கனெக்டரில் மின்சாரம், அந்த வரிசை. கேட்கிறது ஆனால் அழுத்தம் ஏறவில்லை என்றால் லைவ் டேட்டாவைத் திறந்து இரண்டு எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள், ஒன்று உண்மையான அழுத்தம், மற்றது பம்புக்கு இசியு கொடுக்கும் கட்டளை சதவீதம். வேன்களில் இலக்கு பெரும்பாலும் 5 பார் சுற்றுவட்டாரம், லாரிகளில் 9 பார் வரை போகும்.

பம்ப் 100 சதவீதத்தில் ஓடியும் அழுத்தம் 2, 3 பாரைத் தாண்டவில்லை என்றால் உறிஞ்சும் பக்கம் கரைசல் வரவில்லை, அல்லது எங்கோ ஒழுகுகிறது, அல்லது பம்பே தேய்ந்திருக்கிறது. கட்டளை குறைவாக இருந்தும் அழுத்தம் எகிறினால் இன்ஜெக்டர் பக்கம் அடைப்பு. முதலில் சரியாக ஏறி, தெளிப்பு தொடங்கியதும் தடாலென்று விழுந்தால் ஃபில்டர் பாதி அடைத்திருக்கிறது. சும்மா தாங்கும், வேலை கொடுத்தால் திணறும்.

இந்த இடத்தில் பலரும் தவறவிடும் ஒன்று டேங்கின் காற்றுத்துளை. அழுத்தக் கோடு வந்து நிற்கும்போது டெஃப் மூடியை மெதுவாகத் திறந்து பாருங்கள். 'உஸ்ஸ்' என்று காற்று உள்ளே இழுத்தால், பம்ப் கரைசலை உறிஞ்ச உறிஞ்ச அந்த இடத்துக்குக் காற்று வர வழியில்லாமல் டேங்குக்குள் வெற்றிடம் உண்டாகியிருக்கிறது. மூடியைத் தளர்த்தி வைத்துக் கொஞ்சம் ஓடவிட்டு அழுத்தம் ஏறுகிறதா என்று பாருங்கள். ஏறினால் காற்றுக்குழாயில் உப்பு அடைத்திருக்கிறது, வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவினால் முடிந்தது கதை. பம்ப் மாட்யூலை ஆர்டர் போடும் முன் இந்த உஸ்ஸ் சத்தத்துக்கு ஒரு நிமிடம் கொடுங்கள்.

இன்ஜெக்டர் திறந்தே மாட்டிக்கொண்டாலும் அழுத்தம் நிற்காது. குழாயை இன்ஜெக்டரிலிருந்து கழற்றி, அதற்கென உள்ள அடைப்பான் போட்டு மூடிவிட்டுப் பம்பை ஸ்கேனரால் ஓட்டினால், அழுத்தம் ஏறி நின்றால் குற்றவாளி இன்ஜெக்டர்.

கேடலிஸ்ட் திறன் குறைவு

பி20இஇ. அதிகம் பணம் வீணாவது இந்தக் கோடில்தான், ஏனென்றால் கோடின் பெயரிலேயே கேடலிஸ்ட் இருக்கிறது, கேடலிஸ்ட்தான் இருக்கிறதிலேயே விலை கூடிய பாகம். உண்மையில் அது கடைசிச் சந்தேகம். கரைசல், தெளிப்பு, கசிவு, சென்சார், இஜிஆர் (புகையில் ஒரு பகுதியை இன்ஜினுக்கே திருப்பிவிடும் அமைப்பு) எல்லாம் பார்த்த பிறகுதான் அதன் பக்கம் திரும்ப வேண்டும்.

கரைசல் சரி என்று ஆகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். இன்ஜின் ஆறிய பிறகு இன்ஜெக்டரைக் கழற்றுங்கள். கிளாம்ப்பையோ போல்ட்டையோ எடுத்து, குழாயும் கனெக்டரும் மாட்டியபடியே வெளியே இழுங்கள். நுனியைப் பாருங்கள். நல்ல இன்ஜெக்டர் நுனியில் மெல்லிய வெள்ளைப் பூச்சு இருக்கலாம், துளைகள் தெரிய வேண்டும். கெட்டது கல் உப்பைக் குவித்து வைத்த மாதிரி கிரீடம் கட்டியிருக்கும், சில நேரம் ஓட்டைக்குள் இருக்கும் குழாயின் சுவரிலும் அதே படிவு திட்டாக ஒட்டியிருக்கும். நிறத்தைக் கவனியுங்கள். பளிச்சென்ற வெள்ளையாக, விரலில் உதிர்வதாக இருந்தால் அது வெறும் யூரியா, வெந்நீரில் ஊறவைத்தால் கரைந்துவிடும். மஞ்சளாகவோ பழுப்பாகவோ கல் மாதிரி இறுகியிருந்தால் அது யூரியாவாக இல்லை, சூட்டில் வெந்து சயனூரிக் அமிலமாக மாறியது. யூரியா 133 டிகிரியில் உருகும், அதற்கு மேல் அரைகுறையாகச் சூடேறிக்கொண்டே இருந்தால் இப்படி மாறும், தண்ணீருக்கு அசைந்து கொடுக்காது. கம்பியால் துளையைக் குத்தாதீர்கள், தெளிப்பு கோணம் மாறிப் படிவு இன்னும் வேகமாகச் சேரும். குழாய்க்குள் இருக்கும் இறுகிய படிவைப் பெரும்பாலும் நீண்ட வேக ஓட்டமோ டிபிஎஃப் ரீஜெனரேஷனின் (கரி வடிகட்டி தன்னில் சேர்ந்த கரியை எரித்துக்கொள்வதன்) சூடோதான் எரித்துத் தீர்க்கும். வண்டி குறுகிய ஓட்டமே ஓடுவது என்றால் இந்தப் படிவு திரும்பத் திரும்ப வரும், வாரத்துக்கு ஒரு தடவையாவது அரை மணி நேரம் நெடுஞ்சாலையில் விடச் சொல்லுங்கள்.

அடுத்து அளவுச் சோதனை. இன்ஜெக்டர் நுனியை அளவு குறித்த ஜாடிக்குள் நீட்டி வைத்து, ஸ்கேனரில் 'டோசிங் அளவு' சோதனையை ஓட்டுங்கள். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போடாமல் செய்யாதீர்கள். வர வேண்டிய அளவு ஸ்கேனரிலோ பழுதுபார்ப்புக் கையேட்டிலோ இருக்கும், அதோடு ஒப்பிடுங்கள். அளவு மட்டும் போதாது, வடிவத்தையும் பாருங்கள். மெல்லிய கூம்புகளாகப் பிரிந்து தூவ வேண்டும். ஒரு பக்கம் மட்டும் பீய்ச்சினாலோ, நிறுத்திய பிறகும் சொட்டினாலோ அளவு சரியாக வந்தாலும் இன்ஜெக்டர் கெட்டதுதான். திரும்ப மாட்டும்போது பழைய கேஸ்கட்டைப் போடவே வேண்டாம்.

தெளிப்பும் சரி என்றால் இப்போதுதான் சென்சார் பக்கம். எனக்குப் பிடித்த சோதனை ஒன்று இருக்கிறது, செலவே இல்லாதது. குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்து லைவ் டேட்டாவில் இரண்டு நாக்ஸ் எண்களையும் கேடலிஸ்ட் சூட்டையும் வையுங்கள். சென்சார்கள் விழிக்கச் சில நிமிடம் ஆகும். அவை எண் கொடுக்கத் தொடங்கிய பிறகு, கேடலிஸ்ட் வேலை செய்யும் சூட்டுக்கு வருவதற்கு முன், ஒரு சிறிய இடைவெளி கிடைக்கும். அந்த நேரத்தில் தெளிப்பு இல்லை, கேடலிஸ்டும் பெரிதாக வேலை செய்யவில்லை, எனவே முன்னால் போவதும் பின்னால் வருவதும் ஏறக்குறைய ஒரே எண்ணாக இருக்க வேண்டும். முன் சென்சார் 300, பின் சென்சார் 290 என்றால் இரண்டையும் நம்பலாம். ஒன்று 300 காட்ட மற்றது 120-இல் நின்றால் ஒன்று பொய் சொல்கிறது, அல்லது இரண்டுக்கும் நடுவே புகைக்குழாய் கசிகிறது. கசிவை விளக்கு பிடித்துப் பாருங்கள், இணைப்புகளில் கரிய கோடு அல்லது வெள்ளை வழிசல் தெரியும்.

இன்னொரு பொறியும் உண்டு. நாக்ஸ் சென்சாருக்கு அம்மோனியாவையும் நைட்ரஜன் ஆக்சைடையும் பிரித்துப் பார்க்கத் தெரியாது. இன்ஜெக்டர் ஒழுகி யூரியா அதிகமாகப் போனால் மிஞ்சிய அம்மோனியா பின்பக்கம் வெளியேறும், பின் சென்சார் அதையும் நாக்ஸ் என்றே எண்ணிச் சொல்லும், இசியு 'திறன் குறைவு, இன்னும் தெளி' என்று முடிவெடுக்கும். எரியும் தீயில் எண்ணெய் ஊற்றிய கதைதான். பிரித்தறிய வழி: ஸ்கேனரில் தெளிப்பைக் குறைத்தோ நிறுத்தியோ பாருங்கள். பின் சென்சார் எண் கீழே இறங்கினால் அதுவரை அது காட்டியது அம்மோனியா. மேலே ஏறினால் நிஜமாகவே நாக்ஸ்தான், தெளிப்பு போதவில்லை அல்லது கேடலிஸ்ட் தளர்ந்திருக்கிறது.

முன் சென்சார் எண்ணே வழக்கத்தை விட ரொம்ப அதிகம் என்றால் கோளாறு டெஃப்பில் இல்லை, இன்ஜினில் இருக்கலாம். இஜிஆர் வால்வு மூடியே மாட்டிக்கொண்டால் இன்ஜின் அதிக நாக்ஸ் தள்ளும், நல்ல கேடலிஸ்டும் திணறும்.

நாக்ஸ் சென்சார் கோடே வந்தால்

பி2200 முன்னால் இருப்பது, பி229இ பின்னால் இருப்பது. சென்சாரும் அதன் சிறிய கட்டுப்பாட்டுப் பெட்டியும் ஒயரோடு ஒரே பாகம், வெட்டி ஒட்டக்கூடாது. பெட்டிக்கு ஃபியூஸ் வழியாக மின்சாரம், எர்த், தகவல் அனுப்பும் இரண்டு கேன் பஸ் ஒயர். நான்கையும் மல்டிமீட்டரில் பார்த்த பிறகு மாற்றுங்கள், புகைக்குழாய் பக்கம் உரசி அறுந்த ஒயர் சாதாரணம். ஸ்டார்ட் செய்ததும் எண் வரவில்லை என்றால் அது பழுது இல்லை. உள்ளே இருக்கும் செராமிக் நூற்றுக்கணக்கான டிகிரி சூடாக வேண்டும், குழாயில் ஈரம் இருக்கும்போது சூடேற்றினால் விரிசல் விடும் என்பதால் இசியு வேண்டுமென்றே காத்திருக்கிறது. சூடான புகைக்குழாயில் தண்ணீர் அடிப்பவர்களிடம் இதைச் சொல்லிவையுங்கள்.

வெயில் கொளுத்துகிறது, ஹீட்டர் கோடு வருகிறது

டெஃப் மைனஸ் 11 டிகிரியில் உறையும், அதற்காகத்தான் டேங்கிலும் குழாயிலும் ஹீட்டர். 'இங்கே குளிரே இல்லையே, எதற்கு இது' என்று விட்டுவிட முடியாது. இசியு ஹீட்டரைப் பயன்படுத்தாவிட்டாலும் அதன் சர்க்யூட்டைச் சோதித்துக்கொண்டே இருக்கும், பி20பி9 போல ஒன்று நின்றால் சில வண்டிகளில் அதற்கும் ஸ்டார்ட் தடை எண் ஓடத் தொடங்கும். ஃபியூஸ், ரிலே, கனெக்டர், பிறகு ஹீட்டரின் மின்தடை. நல்ல ஹீட்டர் சில ஓம் காட்டும், முடிவிலி காட்டினால் அறுந்தது.

ஒரே நேரத்தில் ஐந்தாறு சம்பந்தமில்லாத கோடு

லெவல், வெப்பம், ஹீட்டர், பம்ப், சில சமயம் டெஃப்போடு தொடர்பே இல்லாத ஏதோ ஒன்று. இப்படிக் கும்பலாக வந்தால் கரைசல் ஒயருக்குள் போயிருக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். யூரியா செம்பை அரிக்கும், அதோடு மெல்லிய செம்பு இழைகளுக்கு நடுவே திரியில் எண்ணெய் ஏறுவது போல ஏறும், இன்சுலேஷனுக்கு உள்ளேயே தொலைதூரம் நகரும். கனெக்டரைக் கழற்றினால் முனையில் வெள்ளைப் பொடியோ பச்சை நீலக் களிம்போ தெரியும். கான்டாக்ட் ஸ்பிரே அடித்து மாட்டினால் ஒரு மாதம் வரும். வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவி நன்றாக உலர்த்துங்கள், பிறகு ஒயரின் இன்சுலேஷனைக் கொஞ்சம் கொஞ்சமாக உரித்துக்கொண்டே போங்கள். செம்பு பளபளவென்று தெரியும் இடம் வரை வெட்டி எறிந்துவிட்டு அங்கிருந்து புது ஒயரும் புது கனெக்டரும் போட வேண்டும். கறுத்த செம்பில் பற்றவைத்து மூடினால் வேலை திரும்பி வரும். எங்கிருந்து நுழைந்தது என்பதையும் அடைக்க வேண்டும், பெரும்பாலும் டேங்க் மாட்யூலின் சீல்.

டெஃப் மளமளவென்று தீர்கிறது, அல்லது தீரவே இல்லை

கணக்கு எளிது. நூறு லிட்டர் டீசலுக்கு இரண்டு முதல் ஐந்து லிட்டர் டெஃப் சாதாரணம், சுமை ஏற ஏறக் கூடும். அதை விடப் பல மடங்கு போனால் வண்டிக்கு அடியில் வெள்ளை வழிசலைத் தேடுங்கள், குழாய் இணைப்பில், இன்ஜெக்டர் கேஸ்கட்டில், டேங்க் விளிம்பில். வெளியே எதுவும் இல்லை, ஆனால் புகையில் அம்மோனியா நெடி என்றால் இன்ஜெக்டர் உள்ளே ஒழுகுகிறது. மாறாக, ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் ஓடியும் டேங்க் குறையவே இல்லை என்று சந்தோஷப்படாதீர்கள். தெளிப்பு நடக்கவில்லை, கோடு வழியில் இருக்கிறது.

டீசல் டேங்கில் டெஃப் ஊற்றிவிட்டால்

சாவியைத் திருப்பாதீர்கள், அவ்வளவுதான். கனமானது என்பதால் டெஃப் டேங்கின் அடியில் போய் உட்காரும், எரிபொருள் பம்ப் முதலில் உறிஞ்சுவது அதைத்தான். இக்னிஷனைப் போட்டாலே ஓடும் பம்புகள் இருப்பதால் 'ஸ்டார்ட் செய்யவில்லையே' என்பது சமாதானம் ஆகாது. டேங்கை இறக்கிக் காலி செய்து கழுவ வேண்டும். ஸ்டார்ட் செய்து ஓடியிருந்தால் உயர் அழுத்தப் பம்பும் இன்ஜெக்டர்களும் சேர்ந்து போகலாம்.

ஸ்டார்ட் தடை எண்ணும், சரிசெய்த பிறகு செய்ய வேண்டியதும்

ஐரோப்பிய யூரோ 6 விதிப்படி டெஃப் தீர்வதற்கு 2400 கிலோமீட்டர் மீதம் இருக்கும்போதே எச்சரிக்கை தொடங்கிவிட வேண்டும், காலியானால் பல வண்டிகளில் மறுபடி ஸ்டார்ட் ஆகாது. பழுதுக்கும் இதே போல ஓர் எண் ஓடும், அது வண்டிக்கு வண்டி மாறும். ஓடிக்கொண்டிருக்கும் இன்ஜின் நடு ரோட்டில் நிற்காது, அணைத்த பிறகு ஸ்டார்ட் ஆகாது. அதனால் எண் பூஜ்ஜியத்தை நெருங்கினால் டீ குடிக்கக்கூட அணைக்காமல் நேரே பழுதுபார்க்கும் இடத்துக்குப் போய்விடுங்கள்.

சரிசெய்த பிறகு கோடை அழிப்பது மட்டும் போதாது. பல வேன்களில் எண் தனியாக நினைவில் இருக்கும், ஸ்கேனரில் எஸ்சிஆர் ரீசெட், டெஃப் தரத்தை மறுகற்றல், புது சென்சாரின் தகவமைப்பு ரீசெட் என்று தனித்தனிச் சேவை இருக்கும், செய்யாமல் விட்டால் நல்ல பாகம் போட்டும் விளக்கு நிற்கும். டெஃப் சிஸ்டத்தை ஏமாற்றும் எமுலேட்டர் பெட்டியை ஒருவர் கண்டிப்பாகப் பரிந்துரைப்பார். சட்டவிரோதம் என்பது ஒரு பக்கம், அடுத்த கோளாறில் லைவ் டேட்டாவே பொய்யாகிவிடும் என்பது இன்னொரு பக்கம். அப்படிப்பட்ட வண்டி என்னிடம் வந்தால் முதல் வேலை அதைக் கழற்றிப் போடுவதுதான்.

கடைசியாக ஓட்டிப் பார்ப்பது. குளிர்ந்த ஸ்டார்ட், கொஞ்ச நேரம் ஊருக்குள், பிறகு குறைந்தது அரை மணி நேரம் ஒரே சீரான வேகத்தில் நெடுஞ்சாலை. ஸ்கேனர் மாட்டியே இருக்கட்டும். கேடலிஸ்ட் சூடு 200-ஐத் தாண்டியதும் தெளிப்பு எண் அசையத் தொடங்க வேண்டும், பின் சென்சார் எண் முன் சென்சாரை விட்டுப் பிரிந்து கீழே இறங்க வேண்டும், அழுத்தம் இலக்கைச் சுற்றியே நிற்க வேண்டும். பிறகு இக்னிஷனை அணைத்து, வண்டிக்கு அடியில் அந்த உறுமல் கேட்டு ஓயும் வரை நில்லுங்கள். அடுத்த நாள் காலை மறுபடி குளிர்ந்த ஸ்டார்ட்டில் கோடு நிலுவையில் கூட இல்லை என்று பார்த்த பிறகுதான் நான் சாவியைத் திருப்பிக் கொடுப்பேன்.